ஹாலில் கவிழ்ந்த டிரோனும் ரிச்சி தெருப் பழுதுபார்ப்பும்

இங்கே நான் மதிப்பிடப்போவது இரண்டு. ஒன்று, இணையக் கடைகளில் 'புதியவர்களுக்கான முழுத் தொகுப்பு' என்று விற்கப்படும், எந்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்படாத, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய நான்கு மோட்டார் டிரோன். மற்றொன்று, அந்த டிரோன் என் வீட்டு ஹாலில் கவிழ்ந்து, என் இடது கையைக் கிழித்து, தானும் உடைந்த பிறகு அதைச் சரிசெய்து தந்த கடை. அது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. கடைக்காரர் ஒற்றை ஆளாக வேலை பார்ப்பவர். கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது, பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தொகுப்பை விற்றவரின் பெயரையும் அவ்வாறே விட்டுவிடுகிறேன். அதே அட்டைப் பெட்டி வேறு பல பெயர்களிலும் விற்பனைக்கு இருக்கிறது என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவதில் பயனும் இல்லை.

தொகுப்பின் விலை 11,800 ரூபாய். 450 மி.மீ. அளவுள்ள நைலான் சட்டம், நான்கு 2212 வகை மோட்டார்கள், அவற்றின் வேகத்தை ஆளும் நான்கு 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்திகள், சிறிய திரையுடன் கூடிய கேகே 2.1.5 கட்டுப்பாட்டு போர்டு, ஆறு சேனல் ரிமோட், 11.1 வோல்ட் 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 10 அங்குலப் புரொப்பல்லர்கள் (சுழலும் இறக்கைகள்) இரண்டு ஜோடி ஆகியவை அதில் இருந்தன. பாகங்களைத் தனித்தனியே வாங்கினால் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். அந்த வகையில் விலையைக் குறை சொல்ல மாட்டேன். முழுதாகப் பூட்டப்பட்ட வெளிநாட்டு டிரோன்களையும், பூட்டத் தயாராக உள்ள முழுத் தொகுப்புகளையும் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை வந்தது. தனி உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. அதன்பின் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கு இப்படி இங்கே பாகம் சேர்த்துக் கட்டிய பெட்டிகள்தான் கைக்கு எட்டும் வழி.

பெட்டியில் இல்லாத ஒரே பொருள் காகிதம். பூட்டும் முறையைச் சொல்லும் ஒரு தாள்கூட இல்லை. கியூஆர் குறியீடு அச்சிட்ட ஒரு சீட்டு மட்டும் இருந்தது, அதைப் படமெடுத்தால் விற்பனைப் பக்கத்துக்கே திரும்பிப் போகிறது. ஸ்க்ரூக்கள் 8 மி.மீ., 10 மி.மீ. என இரு நீளங்களில் ஒரே பாலிதீன் பையில் கலந்து கிடந்தன. மோட்டாரைச் சட்டத்தோடு இறுக்கும்போது நீளமானதை மாட்டிவிட்டால், அதன் முனை மோட்டாரின் அடிப்பகுதி வழியே உள்ளே நுழைந்து செம்புச் சுருளைத் தொட்டுவிடும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திர வரைபடம் போடுவது என் தொழில் என்பதால் இதைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிட்டேன். அந்த நுட்பத்தைப் பிடித்துவிட்ட பெருமிதத்தில், அதைவிடப் பெரிய ஒன்றைக் கோட்டை விட்டேன்.

என் வீடு குரோம்பேட்டையில். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இவ்வளவு அருகில் மொட்டை மாடியிலிருந்து அனுமதியின்றி டிரோனை எழுப்பக் கூடாது என்பது 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. ஆகவே ஹாலிலேயே ஓர் அடி உயரம் எழுப்பிப் பார்த்துவிடலாம், காற்றில்லாத இடம், விழுந்தாலும் பாய்மேல்தானே விழும் என்று கணக்குப் போட்டேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இது. முற்றிலும் தவறான கணக்கும்கூட. 12க்கு 14 அடி அறையில் புரொப்பல்லர் கீழே தள்ளும் காற்று தரையில் பட்டு, சுவரேறித் திரும்பி வந்து டிரோனையே உலுக்கும். சுவரையோ கூரையையோ நெருங்கினால் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்து டிரோன் அதை நோக்கி இழுக்கப்படும். எல்லாவற்றையும்விட, ஓட்டுகிறவர் பின்வாங்கி நிற்க இடமே இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பெட்டியை மதிப்பிட முடியாது. நான்கு மோட்டார்களும் சரியான திசையில்தான் சுற்றின. எதிரெதிர் மூலைகளில் உள்ளவை ஒரே திசையிலும், அடுத்தடுத்துள்ளவை மாற்றுத் திசையிலும் சுற்ற வேண்டும். திசை தவறினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் போதும். அதையெல்லாம் செய்து முடித்திருந்தேன். ஆனால் முன்பக்க இரு மோட்டார்களில் மட்டும் புரொப்பல்லரை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நடுத்துளையின் அருகே மிகச் சிறிய எழுத்தில் உள்ள குறியைக் கொண்டுதான் வேறுபடுத்த முடியும். கேகே போர்டின் மெனுவில் எந்த மோட்டார் எந்தத் திசை என்று படமாகவே காட்டும் பக்கம் ஒன்று உண்டு. புரொப்பல்லர் மாட்டும் நேரத்தில் நான் அதைத் திறக்கவில்லை.

இடப்பக்கக் குச்சியைக் கீழே வலது மூலைக்குத் தள்ளிப் பிடித்ததும் திரையில் 'சேஃப்' என்ற சொல் மறைந்து 'ஆர்ம்டு' (இனிக் குச்சியை ஏற்றினால் மோட்டார் சுற்றும்) என்று வந்தது. புரொப்பல்லர்கள் அப்போதும் அசையவில்லை. பாதுகாப்பான நிலைக்கும் ஆயுதம் ஏந்திய நிலைக்கும் உள்ள வித்தியாசம், முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னத் திரையில் ஒரு சொல்லும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டுமே. மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியைப் பாதிவரை ஏற்றினேன். மேலே எழ வேண்டிய டிரோன் மூக்குக் குப்புற விழுந்தது. மாற்றி மாட்டிய புரொப்பல்லர் காற்றை மேலே தள்ளியதால் முன்பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் தாழ்கிறதே என்று போர்டு அதே மோட்டார்களுக்கு இன்னும் வேகம் கொடுத்தது. கொடுத்த வேகமெல்லாம் அதை மேலும் அழுத்தியது. அப்படியே உருண்டு சோபாவின் காலில் மோதி, திரைச்சீலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு உறுமத் தொடங்கியது.

அடுத்த மூன்று நான்கு விநாடிகளில் நான் செய்தவை எல்லாமே தவறு. ரிமோட்டைக் கீழே வைத்தேன். மற்றக் குச்சி விட்டதும் நடுவுக்குத் திரும்பும். த்ராட்டில் குச்சி திரும்பாது, விட்ட இடத்திலேயே நிற்கும். நின்றது. பிறகு பதறி ரிமோட்டை அணைத்தேன். சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்து என்ற அமைப்பை முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த அளவையே பிடித்துக்கொள்ளும். இது அந்த வகை. கடைசியாக, சட்டத்தைப் பிடித்துத் தூக்கிப் பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று இடது கையை நீட்டினேன்.

10 அங்குலப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. கையில் தையல் போட்ட வாரத்தில் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 2015 மே மாதம் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் மேடையில் பாடிக்கொண்டிருந்த என்ரிகே இக்லேசியாஸ், பறந்துகொண்டிருந்த டிரோனைக் கையால் பிடிக்கப்போய் விரல்கள் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போனார் என்ற செய்தியை எப்போதோ படித்து, இப்படியும் ஒருவர் செய்வாரா என்று நினைத்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பின்புறமாக இரண்டு வெட்டு. அம்மா காபித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். என் மனைவி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துவைத்த வேட்டித் துணியை மடித்து வெட்டின்மேல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார். தெருமுனை மருத்துவமனையில் டாக்டர் தையல் போடுவதற்கு முன், ஒவ்வொரு விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கி நீட்டச் சொன்னார். விரல் நுனியின் இரு ஓரங்களையும் பஞ்சால் தொட்டு உணர்கிறதா என்று கேட்டார். தசைநாணோ நரம்போ அறுந்திருந்தால் மேலே தோலைத் தைத்து அனுப்புவதில் பொருளில்லை என்று விளக்கினார். இரண்டும் தப்பின. ஏழு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. தூளைத் திணிக்காமல் வந்ததற்கு மனைவிக்குத்தான் பாராட்டு கிடைத்தது.

இதில் பெட்டியின் பங்கு என்ன என்று கேட்டால், புரொப்பல்லரை மாற்றி மாட்டியதும் கையை நீட்டியதும் என் தவறுகள்தான். இருந்தாலும், 'எல்லாச் சோதனையும் முடியும்வரை புரொப்பல்லரை மாட்டாதீர்கள்' என்ற ஒற்றை வரியை, புரொப்பல்லர் இருந்த அந்தப் பாலிதீன் உறையின் மேலேயே ஒட்டியிருக்கலாம். புதியவர்களுக்கு என்று பெயரிட்டு விற்பவர், புதியவர் எங்கே தவறுவார் என்று அறிந்திருக்க வேண்டியவர். 20 ரூபாய்ப் பட்டாசுப் பெட்டியில்கூடக் கையில் பிடித்துக் கொளுத்தாதே என்று போட்டிருக்கிறான்.

இனி கடை. சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். கீழே சி.சி.டி.வி. வயர் சுருள்கள் மலைபோல் கிடக்கும் கடையின் பக்கத்துப் படியில் ஏறினால், ஒரு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன், சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய சட்டங்கள். வாடிக்கையாளர் உட்கார நாற்காலி கிடையாது. முப்பது வயதைத் தாண்டாத அந்த இளைஞர், பையை வாங்கியதும் முதலில் கேட்டது பேட்டரியைப் பற்றித்தான்.

அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வீட்டில் நான் அதைப் பால்கனியில் மணல் போட்ட மண்தொட்டிக்குள் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, சூடோ உப்பலோ இல்லை என்ற நம்பிக்கையில் டிபன் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தேன். அவர் மல்டிமீட்டரை வைத்து மூன்று செல்களையும் அளந்தார்: 3.82, 3.81, 3.64 வோல்ட். மூன்றாவது மட்டும் தனியே இறங்குகிறது என்றால் உள்ளே காயம் பட்டிருக்கிறது என்று பொருள். லைப்போ உடனே எரிய வேண்டும் என்பதில்லை. அடிபட்டு நேரம் கழித்தும், குறிப்பாகச் சார்ஜ் ஏற்றும்போது, புகைந்து தீப்பிடிக்கலாம். "இதை ரயில்ல கொண்டு வந்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அதை வெளியே படிக்கட்டில் இருந்த இரும்பு வாளிக்குள் வைத்தார். பிறகு ஒரு பல்பை இணைத்து மெதுவாக மின்னிறக்கி, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். புதிய பேட்டரி அவரிடமும் இருந்தது. இருந்தும், வேலையெல்லாம் முடிந்தபின் வாங்கினால் போதும் என்றார். பொருளைத் தள்ளிவிடப் பார்க்காத கடைக்காரர் அந்தத் தெருவில் அரிது.

அவர் வேலை பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அடிபட்ட டிரோனில் நேராகப் பேட்டரியைச் செருகினால், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் மீதமிருக்கும் நல்ல பாகங்களும் போய்விடும். அவர் பேட்டரிக்கும் டிரோனுக்கும் நடுவே, சிவப்புக் கம்பியில், காரின் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தார். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒருமுறை மினுங்கி அடங்கிவிடும். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தோடு எரியும், ஆனால் அந்தப் பல்பைத் தாண்டி அதிக மின்னோட்டம் போக முடியாது. செருகியதும் மேசை மஞ்சளாக ஒளிர்ந்தது. அடித்தட்டில் பற்றவைத்திருந்த நான்கு வேகக் கட்டுப்படுத்திகளின் சிவப்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவதை எடுத்ததும் பல்பு அணைந்தது. "இவன்தான்" என்றார். சோபாக் காலில் புரொப்பல்லர் முட்டி மோட்டார் நின்றுபோயிருந்த நேரத்தில், சுற்றாத மோட்டாருக்குள் மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து, அதைத் தாங்க முடியாமல் கட்டுப்படுத்தியின் டிரான்சிஸ்டர்கள் கருகிவிட்டன என்பது அவர் விளக்கம்.

அந்தக் கட்டுப்படுத்தியோடு இணைந்திருந்த மோட்டாரையும் சும்மா விடவில்லை. மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது விரலால் சுற்றிப் பார்த்தார். தளர்வாகச் சுற்ற வேண்டியது கையைப் பிடித்து இழுப்பதுபோல் தடுத்துத் தடுத்துச் சுற்றியது. உள்ளே சுருள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மற்ற மூன்றையும் சுற்றவிட்டு, ஒரு பேனா முனையை மோட்டார் மூடியின் ஓரத்துக்கு நெருக்கிப் பிடித்துத் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். காதருகே வைத்துப் பேரிங்கில் மணல் அரைக்கும் சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்தார். நான் 'இது நன்றாகத்தான் இருக்கிறது' என்று எடுத்து வைத்திருந்த ஒரு புரொப்பல்லரை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து லேசாக வளைத்தபோது, அடிப்பகுதியில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதை என் கண் முன்னாலேயே இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டார். பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்க வாயெடுத்த நான் அடங்கிவிட்டேன்.

பில் இப்படி: மோட்டார் 480, வேகக் கட்டுப்படுத்தி 420, சட்டக்கை இரண்டு 220, புரொப்பல்லர் இரண்டு ஜோடி 180, கூலி 600, மொத்தம் 1,900 ரூபாய். நாள் முழுக்கச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு 600 ரூபாய் குறைவு என்பதே என் கருத்து. பேட்டரி பின்னால் தனியாக 1,650.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் தருவதாகச் சொன்னது ஒன்பது நாள் ஆனது. இடையில் போன் செய்தால் எடுப்பதில்லை. கேட்ட பிறகுதான் துண்டுச் சீட்டில் பில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது புதிய மோட்டாரின் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. ஸ்க்ரூ அதிர்வில் கழலாமல் இருக்கப் போடும் நீலப் பசையை அவர் அதில் மட்டும் மறந்திருந்தார். ஜிப் டைகளை வெட்டிய முனைகள் பிளேடுபோல் நீட்டிக்கொண்டிருந்ததால் தையல் ஆறிய விரலில் இன்னொரு கீறல் விழுந்தது. கவிழ்ந்து அடிபட்ட டிரோனின் போர்டைச் சமதளத்தில் வைத்துச் சமநிலையை மறுபடி பதிய வைக்க வேண்டும். அதையும் அவர் செய்யவில்லை, நான்தான் மெனுவில் தேடிச் செய்தேன்.

ஆனால் ஒன்றுக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். டிரோனை வாங்கும்போது புரொப்பல்லர்களையும் பூட்டித் தாருங்கள், ஒரு கையால் என்னால் இறுக்க முடியாது என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "நான் மாட்டித் தரமாட்டேன் சார். வீட்ல எல்லா டெஸ்டும் முடிங்க, ரிமோட்ட ஆஃப் பண்ணிப் பாருங்க, மோட்டார் நிக்குதான்னு பாருங்க. பறக்கவிடற எடத்துக்குப் போய், தரையில வச்சிட்டு, கடைசியா மாட்டுங்க" என்று சொல்லி, நான்கையும் தனி உறையில் போட்டு, வலம் இடம் என்று மார்க்கரில் எழுதித் தந்தார். ரிசீவரில் சிக்னல் அறுந்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போகும்படி அமைத்து, புரொப்பல்லர் இல்லாத மோட்டார்களைச் சுற்றவிட்டு, என் கையாலேயே ரிமோட்டை அணைக்கச் சொன்னார். நான்கும் ஒரு நொடியில் நின்றன. 11,800 ரூபாய்ப் பெட்டி சொல்லாமல் விட்டது அந்த மேசையில் பத்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து, டிரோனை எங்கே பறக்கவிடலாம் என்று சொல்லும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாகக் காட்டுகிற இடம்தான் என்று பார்த்துக்கொண்டு, என் மைத்துனரின் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் வைத்து எழுப்பினேன். டிரோனின் எடை 1.1 கிலோ, 250 கிராமுக்கு மேல் 2 கிலோவுக்குள் என்பதால் மைக்ரோ வகை, வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, மைத்துனரின் பிள்ளைகளை வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, குச்சியை ஏற்றினேன். இடுப்பளவு உயரத்தில் நின்றது. லேசாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது; அதைத் திருத்திக்கொண்டே எட்டு நிமிடம் ஓட்டியதும் பேட்டரி அலாரம் கத்தியது. இறக்கி, திரையில் 'சேஃப்' என்ற சொல் வந்ததைக் குனிந்து படித்த பிறகே கிட்டே போனேன்.

தொகுப்புக்கு ஐந்தில் இரண்டு தருவேன். பாகங்கள் மோசமில்லை, விற்கிற முறைதான் மோசம். கடைக்கு ஐந்தில் நான்கு. அங்கே போக நினைப்பவர்கள் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு டிரோனைக் கொண்டு போங்கள். அடிபட்ட பேட்டரியை என்னைப்போல் ரயிலில் எடுத்துப் போகாமல், மணலில் வைத்துவிட்டு முதலில் போன் செய்து கேளுங்கள். காலை பதினொரு மணிக்கு முன்பானால் எடுக்கிறார். மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், அந்த நேரத்தில் தட்டினால் திறக்க மாட்டார்.